திறந்து காட்டியவர்

குற்றாலம் மெயின் அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் செருப்பை வேனிலேயே விட்டுவிடுவார்கள். துணிப்பையை யார் பொறுப்பிலாவது வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். செல்போனைக் கொடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் பின்வாங்கும். பதினோரு வருடமாகக் குழல்வாய்மொழி தினமும் பார்த்து வருவது அந்தக் கைகளைத்தான்.

அருவிக்குப் போகிற வழியில், துண்டும் நைட்டியும் விற்கிற கடைக்குப் பக்கத்தில், ஒடுக்கமான ஓர் அறை அவருடையது. வாசலில் குறுக்காக ஒரு மேசை. உள்ளே சுவரை அடைத்தாற்போல எண்பது கட்டங்கள் உள்ள மர அடுக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கன், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள நூலோடு. போனைக் கொடுத்து டோக்கனை வாங்க வேண்டும். குளித்து வந்து டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் வேலை.

கணவர் செல்லப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி, பக்கத்தில் நின்ற மனைவியிடம் "கொஞ்சம் வச்சிருங்கம்மா" என்று கொடுத்ததில் தொடங்கியது இது. போகப் போக வாட்சு குறைந்தது, போன் பெருகியது. மேலகரத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய குழல்வாய்மொழி, ஐம்பத்திரண்டு வயதில், சீசன் நாளென்றால் முந்நூறு பேருடைய போனுக்குக் காவல்.

அவருக்கு யாரையும் நம்பி வராது. பிறவிக் குணம் என்பார் செல்லப்பா. குழல்வாய்மொழி அதை மறுப்பதில்லை. "என்னைய நம்பித்தான் குடுக்காவ. நானும் எல்லாரையும் நம்பிட்டேன்னா பெறவு காவல் யாரு பாக்கது?" என்பார். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனின் கண் அடுக்கின் மேல் போகிறதா, கட்ட எண்களைப் படிக்கிறதா என்று கவனிப்பார். டோக்கனை நீட்டுகிற கை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். தலை காயாமல் வந்தவனிடம் ஒரு கேள்வி என்றால், காய்ந்த தலையோடு வந்தவனிடம் மூன்று கேள்வி. போன்களைக் குப்புறத்தான் கவிழ்த்து வைப்பார். நிமிர்த்தி வைத்தால் செய்தி வரும்போதெல்லாம் திரை வெளிச்சம் போட்டு, யாரோ யாருக்கோ எழுதியது தெரிகிறது. அதைப் படித்துவிட்டு அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோளில் ஈரத்துண்டு போட்ட ஒருவன் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு போனான். அரை மணி நேரம் கழித்து அந்தப் போனுக்கு உரியவர் வந்தார். சங்கரன்கோவில் பக்கத்து வேன் டிரைவர். அருவி விழுந்த வேகத்தில் கையிலிருந்த டோக்கன் நூலோடு அறுந்து போயிருந்தது, யாரோ எடுத்திருக்கிறான். போலீஸ் அவுட்போஸ்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். புதுப் போன் வாங்கித் தருவதாகக் குழல்வாய்மொழி சொன்னார். அந்த மனிதர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "எங்கப்பா பேசினது அதுல மட்டுந்தாம்மா இருந்துச்சு. வேற எங்கயும் ஏத்தி வைக்கல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா அதற்கு முந்தின மாசியில்தான் இறந்திருந்தார்.

அதற்குப் பிறகு குழல்வாய்மொழி ஒரு விதி வைத்தார். டோக்கன் மட்டும் போதாது. போனை மேசைமேல் வைத்து, தன் கண் முன்னால் பூட்டைத் திறந்து காட்ட வேண்டும். விரல் வைத்துத் திறக்கட்டும், நம்பர் போட்டுத் திறக்கட்டும். திறந்தால் அவர் போன், திறக்காவிட்டால் இல்லை. பூட்டே போடாத போனை வாங்கவே மாட்டார். "பூட்டுப் போட்டுட்டுக் கொண்டாங்க, அதுவரைக்கும் நிக்கேன்" என்று சொல்லிவிடுவார். அந்த விதியில் அவருக்குப் பெருமை உண்டு. ஆறு வருடத்தில் ஒரு போன் தவறியதில்லை.

சென்ற ஆடி மாதம் மூன்றாம் சனிக்கிழமை அப்படித்தான் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கூடப் புருஷனும் மாமியாரும். அவர்கள் இரண்டு பேரும் போனையும் பர்ஸையும் துணிப்பைக்குள் போட்டு, பையை அருவிப் பக்கமாகக் கொண்டு போய்விட்டார்கள். இவள் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"உள்ள வேற யாரும் வருவாங்களாக்கா?"

"நானும் என் நிழலும்தான்."

"நீங்க சாப்பிடப் போனா?"

"பக்கத்துக் கடை ஜன்னத் உக்காரும். அதுவும் என்னைய மாதிரித்தான்."

"போனைக் கவுத்து வைப்பீங்களா?"

குழல்வாய்மொழிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தன்னைப் போலச் சந்தேகப்படுகிற ஒருத்தியை அவர் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறார். டோக்கன் நாற்பத்தொன்று. அவள் அதைக் கட்டிக்கொள்ளாமல் கையில் பிடித்தபடி பெண்கள் பக்கம் போனாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, தலையில் துண்டு சுற்றி வந்து, நம்பர் போட்டுத் திறந்து காட்டி, போனை வாங்கிக்கொண்டாள்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், அதே பெண் தனியாக வந்தாள். சாரல் இல்லை, கூட்டமும் இல்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்றவள் போனைக் கொடுக்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு என் போனை வேற யார் கையிலயாவது குடுத்தீங்களா?"

அவள் பெயர் சுஜிதா. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு பண்பொழி. புருஷன் நயினார் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். இவ்வளவும் அவள் அன்றைக்குத்தான் சொன்னாள், அதுவும் குழல்வாய்மொழி கோபப்பட்டு எழுந்து நின்ற பிறகு.

"ஆறு வருசத்துல என்னைய இப்பிடி ஒருத்தர் கேட்டதில்ல, தெரியுமா?"

"திருடினீங்கன்னு சொல்லலக்கா. கொஞ்சம் கேளுங்க."

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு சுஜிதா மனுப் போட்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. பரீட்சை எழுதித் தேறி, ஆன்லைனில் நேர்காணலும் முடிந்துவிட்டது. திருநெல்வேலி ஏஜென்சியிலிருந்து தகவல் வர வேண்டியதுதான் பாக்கி. வரவில்லை. பார்த்துப் பார்த்து, அவளே போன் செய்து கேட்டிருக்கிறாள். "மேடம், நீங்கதானே வேண்டாம்னு எழுதுனீங்க" என்று ஏஜென்சிப் பெண் சொல்லியிருக்கிறாள். எழுதியதைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறாள். சுஜிதாவின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்துதான் போயிருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு விருப்பமில்லை, இனித் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று இரண்டு வரி. சுஜிதாவின் போனில் அந்த இரண்டு வரியும் இல்லை. அழித்திருந்தார்கள்.

"அது போன நேரம் காலைல பதினொன்னு. நான் வார்டுல ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். போன் என் பைக்குள்ள இருந்துச்சு. நானும் எழுதல, போனும் என்னைய விட்டுப் போகல. அப்புறம் எப்படிப் போச்சு?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்க?"

"குளிக்கப் போனாக்கூட பாத்ரூமுக்குள்ள கொண்டு போறவ நான். ஆறு மாசத்துல என் கண்ணுக்கு மறைவா அது இருந்தது அன்னைக்கு இங்க மட்டுந்தான். அருவிக்குள்ள கொண்டு போக முடியாதுல்லா."

பூட்டின் நம்பரை மாற்றிவிட்டாளாம். எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாளாம். ஆனாலும் அவள் தோழிக்கு எழுதுகிறதெல்லாம் வீட்டில் பேச்சாகத் திரும்பி வருகிறது. "வெளிநாட்டுக்குப் போன பொம்பளைங்க கதையை எங்க மாமியார் சும்மா சும்மா எடுக்காங்க. யாரோ பார்த்துச் சொல்லுதாங்க. யாருன்னு தெரியல. வார்டுல கூட வேலை பாக்கிறவளைச் சந்தேகப்பட்டு, அவகிட்ட பேச்சையும் நிப்பாட்டிட்டேன்" என்றாள்.

குழல்வாய்மொழி நினைத்துப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிடப் போனார். ஜன்னத் வந்து மேசையில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம். யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நான் யாருக்கும் குடுக்கல. நடுவுல அந்தா, அது உக்காந்துச்சு."

சுஜிதா திரும்பிப் பக்கத்துக் கடையைப் பார்த்தாள். ஜன்னத் கொக்கியில் நைட்டிகளை மாட்டிக்கொண்டிருந்தாள். சுஜிதா தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

ஜன்னத்தின் சொந்த ஊர் வடகரை. வீட்டுக்காரர் சவூதியில். இரண்டு பேருக்கும் ஒன்பது வருடப் பழக்கம்; ஒருவர் டிபன் பாக்ஸில் மற்றவர் கை வைக்கிற பழக்கம். அன்றைக்கு மத்தியானம் குழல்வாய்மொழி சாப்பிடப் போகவில்லை. மேசையை விட்டு எழுந்திருக்கவே பயமாக இருந்தது. ஜன்னத்தின் மகள் அஃப்ரின் கம்ப்யூட்டர் படிக்கிறவள் என்பது நினைவுக்கு வந்தது. கல்லூரி லீவு நாளில் அவள் கடைக்கு வருவாள், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதும் நினைவுக்கு வந்தது. நினைக்க நினைக்க எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டே போயிற்று. சந்தேகம் வந்துவிட்டால் பொருந்தாத விஷயம் என்று எதுவுமே இருப்பதில்லை.

சாயங்காலம் கடை எடுத்து வைக்கிற நேரத்தில் கேட்டார்.

"ஜன்னத், அன்னைக்கு சனிக்கிழமை நீ உக்காந்திருக்கும்போது நாப்பத்தொண்ணை யாரும் கேட்டு வந்தாவளா?"

"எந்த சனிக்கிழமை?"

"மூணு வாரம் இருக்கும். காலைல வந்த பொண்ணோட போன். அதை யாரோ என்னமோ பண்ணிருக்காவ."

ஜன்னத் கையிலிருந்த துண்டை மடிப்பதை நிறுத்தினாள். "நான் பண்ணினேன்னு நினைக்கியளா, மைனி?"

"அப்பிடிச் சொல்லல."

"அந்தப் பொண்ணு திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சே. அது தானா பாத்ததா, நீங்க காட்டிப் பாத்ததா?"

குழல்வாய்மொழி மேசைமேல் கிடந்த டோக்கன்களை எண்ணத் தொடங்கினார்.

ஜன்னத் மீதித் துண்டுகளையும் மடித்து அடுக்கினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "நான் உக்காந்தப்ப யாரும் வரல. நீங்க சாப்பிட்டுட்டு வந்த பெறவு ஒரு ஆளு வந்தாரு. அந்தப் பொண்ணு கூட வந்தவருதான். மஞ்சக் கட்டம் போட்ட சட்டை, கையில செம்புக் காப்பு. டோக்கனைக் குடுத்தாரு, திறந்து காட்டினாரு, நீங்கதான் எடுத்துக் குடுத்திய."

குழல்வாய்மொழிக்கு அப்போதும் உடனே நினைவு வரவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேராவது அப்படி வருவார்கள். குளிக்கிற நடுவில் வந்து போனை வாங்கி, யாரிடமாவது பேசிவிட்டு, "வீட்டுல இன்னும் குளிச்சு முடிக்கல" என்று திரும்பவும் கொடுத்துவிட்டுப் போவார்கள். டோக்கன் சரி, பூட்டும் திறந்தது. மனசில் குறித்து வைக்க அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் "யாருக்கும் குடுக்கல" என்று அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்.

"வாங்கிட்டு என் கடைத் தார்ப்பாய்க்குக் கீழ வந்து நின்னாரு. நைட்டியெல்லாம் மறைச்சுக்கிட்டு. தள்ளி நில்லுங்க அண்ணாச்சின்னு சொன்னேன். அவரு காதுலயே விழல. கையில இன்னொரு போனும் வச்சிருந்தாரு. ஒரு போனுக்கு மேல இன்னொரு போனைப் பிடிச்சு, அதைப் போட்டோ எடுக்கிற மாதிரி. எங்க அஃப்ரின் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் தொறக்கும்போது இப்பிடித்தான் போனைக் காட்டுவா. ஒரு தடவை காட்டினாப் போதும். இதுல வர்றது பூரா அதுலயும் வரும். அதுல இருந்து எழுதவும் செய்யலாம்."

"பூட்டு நம்பரை மாத்திட்டேன்னு சொன்னாளே."

"உள்ள வந்து உக்காந்துட்டவனை, வாசப்பூட்டை மாத்தி என்ன செய்ய?" என்றாள் ஜன்னத். ஷட்டரை இழுத்துவிட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக "வாரேன் மைனி" என்று சொல்லாமல் போனாள்.

வீட்டில் செல்லப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "புருஷன் பொண்டாட்டி விவகாரம். நீ எதுக்குட்டி நடுவுல போற?"

"நான்லா எடுத்துக் குடுத்தேன்."

"டோக்கன் இருந்துச்சு, திறந்தும் காட்டினான். ஒம்மேல என்ன குத்தம்?"

"எங்கிட்ட குடுத்தது அவ. திறக்கத் தெரிஞ்சவன்லாம் சொந்தக்காரன்னு நான்தான நினைச்சேன்."

செல்லப்பா எழுந்து கை கழுவப் போனார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் குழல்வாய்மொழி சுஜிதாவைப் பார்க்கப் போகவில்லை. சீட்டிலிருந்த நம்பரை எடுத்துப் பார்ப்பார், கீழே வைப்பார். அந்தக் குடும்பம் உடைந்துபோனால் பாவம் யாருக்கு என்று ஒரு பக்கம். அந்த ஆள் வந்து சண்டை போட்டால் கடை என்னவாகும் என்று ஒரு பக்கம். செய்தி அனுப்பினால் அதை அவன்தான் முதலில் படிப்பான். கூப்பிட்டுப் பேசலாம் என்றாலும், பேசுகிற நேரம் அவன் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வது. கடைசியில் சனிக்கிழமை, கூட்டம் வருகிற நாளில், ஷட்டரைப் பூட்டிவிட்டுத் தென்காசி பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சுஜிதா வந்து, ஆளைப் பார்த்ததும் முகம் மாறி, பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று குழல்வாய்மொழி எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னத்தின் மேல் கை காட்டியதையும் சேர்த்துத்தான்.

சுஜிதா நம்பவில்லை. "அவருக்கு என் லாக் நம்பர் தெரியாதுக்கா" என்றாள். பிறகு, "என்ன சட்டை?" என்று கேட்டாள்.

"மஞ்சக் கட்டம். கையில செம்புக் காப்பு."

சுஜிதா போனை எடுத்தாள். வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு, அதுவரை ஒரு நாளும் தொட்டிராத ஒரு வரியைத் தொட்டாள். இந்தக் கணக்கு வேறு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டுகிற இடம் அது. ஒன்றே ஒன்று இருந்தது. கடைசியாகப் பார்த்த நேரமும் போட்டிருந்தது. இன்று காலை ஏழு இருபது.

அந்த நேரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஏழு இருபதுக்கு நான் அவருக்குத் தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "முன் ரூம்ல உக்காந்து இன்னொன்னு வைன்னு கேட்டாரு."

டோக்கனை அவள்தான் அவரிடம் கொடுத்திருக்கிறாள். நூல் ஈரமானால் முடிச்சு இறுகிவிடும் என்று அவர் கேட்டு வாங்கினாராம், குளித்து வந்ததும் திருப்பித் தந்தாராம். நம்பர் எப்படித் தெரிந்தது என்பதும் அங்கே நின்றபடியே அவளுக்குப் பிடிபட்டது. தினமும் காலையில் பைக்கில் கொண்டுவந்து விடுவார். ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது பின்னால் உட்கார்ந்து அவள் போனைத் திறப்பாள். பைக்கின் பக்கக் கண்ணாடி எப்போதும் அவள் மடியைப் பார்த்தமாதிரித் திரும்பியிருக்கும். சரியாகத் திருப்பி வையுங்கள் என்று அவளே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

"அழிச்சிரு தாயி. இப்பவே அழிச்சிரு" என்றார் குழல்வாய்மொழி.

"வேண்டாம்க்கா. அழிச்சா அவருக்கு உடனே தெரிஞ்சிரும்."

அவள் அழவில்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்தால் அது போனில் இருக்குமே என்று யோசித்து, தேதியையும் நேரத்தையும் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் குழல்வாய்மொழி மடியிலிருந்த தன் போனை எடுத்து நீட்டினார். "இதுலயும் பாரு." பார்த்தாள். ஒன்றுமில்லை. இருந்தாலும் குழல்வாய்மொழிக்கு நிம்மதி வரவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்.

அடுத்த ஒன்பது நாள் சுஜிதா அந்தக் கருவியை வெளியேற்றாமல், வாசலைத் திறந்தே வைத்திருந்தாள். வாட்ஸ்அப்பில் தோழிகளுக்கு மழையையும் முருங்கைக்காய்க் குழம்பையும் சேலை நிறத்தையும் பற்றி எழுதினாள். மஸ்கட் ஆசையெல்லாம் போய்விட்டது என்றும் ஒருத்திக்கு எழுதினாள். அன்று ராத்திரியே மாமியார் பிரியமாகப் பேசினாராம். விடுமுறை நாளில் டியூட்டி என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய், ஏஜென்சியில் நேரில் உட்கார்ந்து, அந்தச் செய்தி தன்னுடையது இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டிருந்தது. ஐப்பசியில் அடுத்த ஆளெடுப்பு இருக்கிறது, பெயரைச் சேர்க்கிறோம் என்றார்கள். இனிமேல் எதுவானாலும் ஆஸ்பத்திரித் தரைவழித் தொலைபேசிக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பத்தாம் நாள் காலையில், நயினார் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் முன்னால் நின்றே அந்தக் கருவியை வெளியேற்றினாள். அந்த ஒன்பது நாளில் உள்ளறை மேசை இழுப்பறைக்குள் பார்த்து வைத்திருந்த அவருடைய பழைய போனை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாளாம்.

அன்று பிற்பகலே நயினார் குற்றாலத்துக்கு வந்துவிட்டார். குளிக்க வந்த ஆள் இல்லை என்பது நடையிலேயே தெரிந்தது. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். அதே செம்புக் காப்பு. பக்கத்தில் ஜன்னத் கடை வாசலுக்கு வந்தாள். செல்லப்பா அருவிக்கரையில் இருந்தார்.

"நீங்கதான அவகிட்ட சொன்னது?"

"நான்தான்."

"என் பொண்டாட்டி போனை நான் எடுத்தா உங்களுக்கு என்ன?"

"வீட்டுல எடுத்தா எனக்கு ஒண்ணுமில்ல. இங்கன வச்சு எடுத்தீக. எங்கிட்ட போனைக் குடுத்தது நீங்க இல்ல."

"டோக்கன் குடுத்தேன்ல. திறந்து காட்டினேன்ல."

"ஆமா. அது என் தப்பு. அதைத்தான் அவகிட்ட போய்ச் சொன்னேன்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூன்று பெண்கள் போனை நீட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்றார்கள். நயினார் கையை எடுத்தார். ஓரமாக நகர்ந்து நின்று, அந்தப் பெண்கள் போகிறவரை காத்திருந்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அங்க போனா அவ திரும்பி வர மாட்டா. எங்க தெருவுல ரெண்டு பேரு அப்பிடிப் போயிருக்காளுவ. உங்களுக்கு என்ன தெரியும்" என்றார்.

"எனக்குத் தெரியாது. அவகிட்ட கேட்டீகளா?"

அவர் திரும்பி நடந்தார். போகும்போது அடுக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். குழல்வாய்மொழி அந்தப் பார்வையையும் கவனித்துக்கொண்டார். ஒரு மாதம்வரை, மஞ்சள் சட்டை எது கண்ணில் பட்டாலும் எழுந்து நின்று பார்த்தார்.

விதி மறுபடியும் மாறியது. போனைக் கொடுத்தவரே வந்து வாங்க வேண்டும். புருஷனானாலும் அப்பாவானாலும், டோக்கன் இருந்தாலும், பூட்டைத் திறந்தாலும், கொடுத்த ஆள் வருகிறவரை போன் அடுக்கில்தான் இருக்கும். வாங்கும்போதே அணைத்துத் தரச் சொல்லிவிடுவார். கொடுத்த ஆள்தானா என்று தெரிய, ஒரு துண்டுச் சீட்டில் அடையாளத்தை எழுதிப் போனோடு சுற்றி வைக்கிறார்: பச்சைச் சேலை, மூக்குத்தி, இடது கன்னத்தில் மச்சம். மனைவியின் போனைக் கேட்டு வந்த பெரிய மனிதர் ஒருவர் கத்திவிட்டுப் போனார். இரண்டு வேன்காரர்கள் தங்கள் ஆட்களை வேறு கடைக்குக் கூட்டிப் போகிறார்கள். 

ஜன்னத் பேசாமல் இல்லை. பேசுகிறாள், சிரிக்கிறாள், பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்துவிட்டாள். ஆனால் மேசையில் வந்து உட்காருவதில்லை. ஒருமுறை குழல்வாய்மொழி கூப்பிட்டபோது, "வேண்டாம் மைனி, பெறவு யாராவது எதையாவது கேட்டு வந்தா எனக்குத் தாங்காது" என்றாள். மன்னிப்புக் கேட்கக் குழல்வாய்மொழி இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் ஜன்னத் பேச்சை மாற்றிவிட்டாள். இப்போது மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

சுஜிதா தை மாதம் மஸ்கட்டுக்குப் போனாள். இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்களாம். இரண்டு வருடம் என்று முடிவாயிற்று. திருவனந்தபுரம் விமான நிலையம்வரை நயினார்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார் என்று பண்பொழியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

மாசியில் ஒரு நாள் குழல்வாய்மொழியின் போனுக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தார், பேசவில்லை.

"அக்கா, நான் சுஜிதா."

"எந்த சுஜிதா?"

"தென்காசி ஆஸ்பத்திரில பாத்தமேக்கா."

"நான் வந்தப்ப எங்கன நின்னு பேசினோம்?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "துணி காயப்போடுற இடத்துலக்கா. கையில தேதி எழுதினேன்."

அதற்குப் பிறகுதான் குழல்வாய்மொழி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வேலை கடினம், சாப்பாடு பரவாயில்லை, அறையில் கூட இரண்டு மலையாளப் பெண்கள். நயினார் தினமும் கூப்பிடுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். வார்டு படம், அறைப் படம் எல்லாம் கேட்கிறார்.

"இப்பவும் பாக்காரா?" என்று குழல்வாய்மொழி கேட்டார்.

"தெரியலக்கா. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கேன். ஒண்ணும் இல்ல. இல்லைன்னு தெரிஞ்சும் மறுநாள் திரும்பப் பாக்கேன்."

"பாரு. பாக்கதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார் குழல்வாய்மொழி. மேசைக்கு முன்னால் ஒருவர் காய்ந்த தலையோடு டோக்கனை நீட்டிக்கொண்டு நின்றார். "நாளைக்குப் பேசுதேன் தாயி" என்று போனை வைத்துவிட்டு, அந்த ஆளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.